ரிஜிஸ்டரில் இல்லாதவள்

கரட்டூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மொத்தம் ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். ஒன்பது பேரும் ஒரே வேப்பமரத்தடியில் நிழலுக்கு ஒதுங்கினார்கள், ஒரே பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார்கள், சம்பள நாளில் ஒரே வரிசையில் நின்றார்கள். மற்றபடி ஒருவரை ஒருவர் நம்பக்கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

காரணம் கேஸ். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் கூட்டிவருவதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. நர்சுக்கு வருஷத்துக்கு இருபத்துநாலு கேஸ். வீடு வீடாகப் போய் மலேரியாவுக்கு ரத்தம் எடுக்கிறவருக்கும் ஒரு எண்ணிக்கை உண்டு. மருந்து கட்டிக் கொடுக்கிறவரையும் விடவில்லை. மார்ச் முப்பத்தொன்றுக்குள் எண்ணிக்கை நிறையவில்லை என்றால் மெமோ வரும், இன்கிரிமெண்ட் நிற்கும். அதற்கும் அசையாதவர்களை ஜில்லாவின் அந்தக் கோடிக்கு, கெங்கவல்லிப் பக்கம், தூக்கிப் போடுவார்கள். ஒரு முகாமில் ஒரே பெண்ணை இரண்டு பேர் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுக்க, "எனக்கு ஆபரேசனே வேண்டாமுங்க, என்ற கைய உட்டாப் போதும்" என்று அவள் அழுதாளாம். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்களும் மறுநாள் அதையேதான் செய்தார்கள்.

முத்தாயம்மாள் அங்கே நர்சு. நாற்பத்தோரு வயது, பதினாலு வருஷ சர்வீஸ். ஐந்து சிற்றூர்கள் அவள் பொறுப்பில் இருந்தன. அவற்றில் பாதிக்கு பஸ் கிடையாது. கால்நடையாகவே அத்தனை பிரசவமும் பார்த்தாள். அவள் புருஷன் சின்னுசாமி லாரி ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. விடியற்காலையில் அவரைப் புரட்டி, துடைத்து, வேட்டி மாற்றி, அரிசிம்பருப்புச் சோற்றைக் குழைய மசித்து ஊட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அவள் பையைத் தோளில் மாட்டுவாள். கெங்கவல்லிக்கு மாற்றல் வந்தால் அந்த மனுஷனை எப்படித் தூக்கிக்கொண்டு போவது, அங்கே யாரிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போவது என்று ஒவ்வொரு மார்ச்சிலும் பயந்துகொண்டே அவள் கேஸை எண்ணுவாள்.

அந்த எண்பத்துநாலாம் வருஷம் தை மாதத்தில் அவளுக்கு இரண்டு கேஸ் குறைந்தது. ஒருத்தி கரட்டூரிலேயே சம்மதித்திருந்தாள். இன்னொருத்தி வேலங்காட்டு வசந்தாமணி.

வசந்தாமணிக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள். மூன்றாவது வயிற்றில். புருஷன் செல்லமுத்து பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டினான். மாமியார் ஆத்தாயி வீட்டிலேயே ராட்டை போட்டுத் தறிக்கு ஊடை நூலைக் குச்சிகளில் தார் சுற்றிக் கொடுப்பாள். இது ஆணோ பெண்ணோ, பிரசவம் ஆனதும் ஆபரேஷன் செய்து இதோடு நிறுத்திக்கொள்வது என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க" என்றாள் முத்தாயம்மாள், வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு. "இவ மாசமா இருக்கறது ஊருக்குள்ள ஆருக்குத் தெரியும்?"

"என்னத்தங்க நர்சம்மா, வவுத்தக் கழட்டி வெச்சுப்போட்டா வெளிய போறா? அக்கம்பக்கம் தெரியாம இருக்குமுங்களா?"

"அக்கம்பக்கம் தெரிஞ்சாத் தெரியட்டும். எங்காளுக ஆரும் வந்து கேட்டா மட்டும் சொல்லீராதீங்க. பதினஞ்சு நாளைக்கொருக்கா சைக்கிள்ல வாராரே, செவுத்துல தேதி எழுதறவரு…"

"ஆரு, மலேரியாக்காரருங்களா? வெரல்ல ஊசி குத்தற மகராசன்?"

"அவரேதான். சின்னண்ணன். போன வருசம் இப்படித்தான் மேலக்காட்டுச் செல்லியம்மாள ரெண்டு வருசம் நடந்து நடந்து நாஞ் சம்மதிக்க வெச்சேன். ஒரே காலப்பொழுதுல சைக்கிள் கேரியர்ல குந்த வெச்சுக் கூட்டிட்டுப் போயித் தம் பேருல எழுதிக்கிட்டாரு. உழுதது நானு, அறுத்தது அவரு."

வசந்தாமணி உள்ளேயிருந்து சிரித்தாள். "நானென்ன சோளத்தட்டாங்கக்கா, அறுத்துட்டுப் போறதுக்கு?"

"சிரிக்காத கண்ணு. எனக்கு இதுல சோறே அடங்கியிருக்குது. ஆரு வந்து என்ன கேட்டாலும் ஊட்டுல ஆருக்கும் ஒண்ணுமில்லைன்னு சொல்லோணும். அவரு வந்தா நீ வெளியவே வராத. உள்ளயே இருந்துக்க."

"சத்தியமா மூச்சு உடமாட்டோமுங்க" என்றாள் ஆத்தாயி. "மொத ரெண்டு பிள்ளைகளையும் கையில ஏந்திக் குடுத்தவிய நீங்க. உங்க சொல்லத் தட்டுவமா?"

சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கென்று ஒரு ரிஜிஸ்டர் உண்டு. நீளமேசை மேல் கிடக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம், புரட்டவும் செய்தார்கள். முத்தாயம்மாள் வசந்தாமணியின் பெயரை அதில் எழுதவில்லை. வீட்டில் அரிசித் தகரத்துக்குள் வைத்திருந்த ஒரு சின்ன நோட்டில் எழுதினாள். பிரசவம் முடிந்த அன்றைக்குப் பெரிய ரிஜிஸ்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

சின்னண்ணனைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கரையேற்ற வேண்டிய மூன்று பெண்களை வைத்துக்கொண்டு, துருப்பிடித்த சைக்கிளில் நாளைக்கு அறுபது வீடு ஏறி இறங்குகிறவர். அவருக்கும் அதே மார்ச், அதே கெங்கவல்லிதான்.

மாசி பிறந்தது. மேட்டூர் அணையை அடைத்துவிட்டதால் காவிரியில் பாறைகள் வெளியே தெரிந்தன. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் காகித ஆலையின் வாடை வேலங்காடு வரை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முத்தாயம்மாள் போனபோது வசந்தாமணி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. முத்தாயம்மாள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"எப்ப இருந்து கண்ணு இப்படி?"

"நாலஞ்சு நாளா இருக்குதுங்கக்கா. பொழுதோட கொஞ்சம் எச்சா வீங்குது. வெய்யக் காலமில்லீங்களா."

"தலைவலி கிலைவலி?"

"அப்பப்ப வருதுங்க. சுத்தியல்ல அடிச்சாப்புல ஒரு பக்கமா."

உப்பைக் குறைக்கச் சொன்னாள். இடது பக்கமாகப் படுக்கச் சொன்னாள். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பதினாலு வருஷம் பார்த்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? ஆனால் இருந்தது ஒரே ஒரு கருவி, அதுவும் டாக்டர் மேசை மேல். அங்கே கூட்டிப்போனால் வேப்பமரத்தடியில் நிற்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். நாளையிலிருந்து மூன்று நாள் வெளியூரில் முகாம். அந்த மூன்று நாளும் டாக்டர் அங்கேதான் இருப்பார். அது முடிந்து செவ்வாய்க்கிழமை மதியத்துக்குமேல், கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போய்விடலாம்.

"செவ்வாக்கெழம வாரேன், டாக்டரய்யாகிட்டப் போலாம்" என்றாள்.

"வாங்கக்கா. எங்க மாமா ஊதாக் கலர்ல சேலை எடுத்துக் குடுத்திருக்கறாரு. கட்டிக்கிட்டு வாரேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியத்தை வசந்தாமணி பார்க்கவில்லை.

முத்தாயம்மாள் முகாமில் கரட்டூர்க்காரியின் கட்டில் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷன் முடிந்து தன் பெயரில் கையெழுத்து ஏறும் வரை அவளை விட்டு நகரவில்லை. ஒன்றுக்குப் போனால்கூட கூடவே போனாள். சுகாதார நிலையத்தின் ஒரே ஜீப்பும் முகாமில்தான் நின்றது. அதே நாள், திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, முறைப்படி சின்னண்ணன் வேலங்காட்டுக்குப் போனார்.

"காச்ச, தலைவலி, குளுரு, ஊட்டுல ஆருக்காச்சும் உண்டுங்களாம்மா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

உள்ளறையில் வசந்தாமணி இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி படுத்திருந்தாள். காலையிலிருந்து அவளுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆத்தாயி ராட்டையை நிறுத்தினாள். ஒரு கணம் உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"ஆருக்கும் ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

சின்னண்ணன் காவிக்கட்டியை எடுத்துக் கதவுக்கு வலப்பக்கச் சுவரில் தேதி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடிகிறபோது ஜன்னி கண்டது. கை கால் இழுத்துக்கொண்டு நுரை தள்ளியது. கூண்டு வண்டியில் போட்டுக் கரட்டூருக்கு வந்தால் ஜீப் முகாமிலிருந்து இன்னும் திரும்பவில்லை. டாக்டர் தீர்த்தகிரி அப்போதுதான் முகாமிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர், ஓடிவந்து ஊசி போட்டார், ரோட்டில் நின்று நூல் மூட்டை ஏற்றிப்போன லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றினார், கூடவே ஏறினார். ஈரோட்டுப் பாலத்தின் நடுவில் மூச்சு நின்றது. வயிற்றிலிருந்ததும் அதோடு போயிற்று.

முத்தாயம்மாள் சேதி கேட்டபோது சோறு தின்றுகொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே வேலங்காட்டுக்கு நடந்தாள். ஊதாச் சேலையைத்தான் போர்த்தியிருந்தார்கள். பெரிய பெண் அவளைப் பார்த்ததும் ஓடிவந்து, "நர்சம்மா வந்துட்டாங்க, அம்மாவ எழுப்புவாங்க" என்றது. முத்தாயம்மாள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஊர்ப் பெண்கள், இப்படியும் ஒரு நர்சா, சொந்த அக்காள் மாதிரி அழுகிறாளே என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது. அதற்குப்பிறகு அவளுக்கு அழக்கூட வாய் வரவில்லை.

சனிக்கிழமை டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். முப்பது வயதைத் தாண்டாத ஆள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். ரிஜிஸ்டரை மேசை மேல் விரித்து வைத்தார்.

"ஒன்பது மாசக் கர்ப்பிணி. இந்த ரிஜிஸ்டர்ல பேரே இல்ல. முந்தின நாள் நம்ம ஆள் ஒருத்தர் அந்த வாசப்படியில நின்னு தேதி எழுதியிருக்காரு. சின்னண்ணன், என்ன பார்த்தீங்க அங்க?"

"ஆருமில்லைன்னு சொன்னாங்கய்யா. நான் உள்ள போயிப் பாக்கறதுங்களா?"

"இவர் வாசல் ஏறாமயே தேதி எழுதிப்போட்டு வர்ற ஆளுன்னு எல்லாத்துக்கும் தெரியுமே" என்று மருந்து கட்டுகிறவர் முணுமுணுத்தார். நான்கைந்து தலைகள் ஆடின. சின்னண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. அவரைப் பார்த்து ஒருவரும் ஐயோ என்று சொல்லவில்லை. அந்தப் பழி தங்கள் மேல் விழவில்லை என்ற நிம்மதிதான் அத்தனை முகங்களிலும் இருந்தது. முத்தாயம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் மெமோவோடு போகாது, கெங்கவல்லி நிச்சயம். திறக்காவிட்டால் சின்னண்ணனுக்கு வேலையே போகும்.

அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு முழுக்க வீட்டில் எதுவும் ஓடவில்லை. சின்னுசாமிக்குக் களி ஊட்டும்போது அவர் சட்டையில் சிந்தினாள். வாய் கோணிய அந்த மனுஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன… புள்ள" என்றார். மூன்று வருஷத்தில் அவர் தெளிவாகச் சொல்ல முடிந்த இரண்டு வார்த்தைகள் அவைதான். அவள் அரிசித் தகரத்தைத் திறந்து நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இடது கையை மெதுவாக நகர்த்தி அந்த நோட்டை அவள் பக்கமே தள்ளிவிட்டார். கொண்டுபோய்க் கொடு என்கிறாரா, எடுத்து ஒளித்துவை என்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்படியோ மறுநாள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை டாக்டர் விசாரணைக்காக வேலங்காட்டுக்குப் போனார். முத்தாயம்மாளும் சின்னண்ணனும் கூடப் போனார்கள். செல்லமுத்து வாசல் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றான். ஆத்தாயி மட்டும் எழுந்து வந்து கும்பிட்டாள். ஒரு வாரத்தில் பத்து வயது கூடிவிட்டிருந்தது.

"அம்மா, உங்க மருமக மாசமா இருந்தது எங்க ஆளுங்க யாருக்காவது தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியாதுங்க சாமி."

"நர்சம்மாளுக்கு?"

"அவியளுக்கும் தெரியாதுங்க. நாங்கதான் மறச்சுப்போட்டோம்." ஆத்தாயி முத்தாயம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. "கண்ணுப் பட்டுருமேன்னு நாந்தான் ஆருகிட்டயுஞ் சொல்ல வேண்டாம்னுட்டேன். பாவி நானு. இந்தச் சாருகூட வந்து கேட்டாருங்க, பாவம். ஒண்ணுமில்லைன்னு நாந்தாஞ் சொன்னேன். என்ற மருமவளக் கொன்னவ நாந்தானுங்க."

செல்லமுத்து தலையைத் தூக்கித் தாயைப் பார்த்தான். அந்தப் பார்வையை முத்தாயம்மாள் பார்த்தாள். பழியைத் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொண்டாள் கிழவி. இனி காலத்துக்கும் மகன் அவளை இப்படித்தான் பார்ப்பான்.

"ஆத்தா, போதும் நிறுத்துங்க" என்றாள் முத்தாயம்மாள். குரல் கிறீச்சிட்டது. பையிலிருந்து நோட்டை எடுத்து டாக்டர் கையில் வைத்தாள். "எனக்குத் தெரியுமுங்கய்யா. அஞ்சாம் மாசத்துல இருந்தே தெரியும். கால் வீங்கினதும் தெரியும். நாந்தாஞ் சொல்ல வேண்டாம்னேன். இவரு கேஸப் புடிச்சுக்குவாருன்னு நாந்தான் வாயக் கட்டிப்போட்டேன். இந்தம்மா பொய் சொல்றாங்க, எனக்காவ."

டாக்டர் நோட்டைப் பிரித்துப் பார்த்தார். செல்லமுத்து மரத்தை விட்டு விலகி, அவளுக்கு நேரே வந்து நின்றான். அடிப்பான் என்றே நினைத்தாள், அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். அவன் காறித் தரையில் துப்பிவிட்டுத் தறிப்பட்டறைப் பக்கம் நடந்து போய்விட்டான்.

"நான் ஆருகிட்டயும் மூச்சு உடலீங்க நர்சம்மா" என்றாள் ஆத்தாயி, சின்னக் குரலில். "நீங்க சொன்னாப்புலயேதான் இருந்தேன். நீங்களே சொல்லிப்போட்டீங்களே."

திரும்பும்போது சின்னண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அவளோடு நடந்தார். ஏரிக்கரை வந்ததும் சைக்கிளை நிறுத்தினார்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு அந்தம்மா உள்ள திரும்பிப் பாத்துச்சு. நானும் பாத்தேன். ஆரோ படுத்திருக்கறாப்புல இருந்துது. கேக்கலாம்னு வாயெடுத்தேன். இன்னும் இருவது ஊடு கெடக்குதேன்னு எழுதிப்போட்டு வந்துட்டேன்."

"என்ற பாவத்துல நீங்க எதுக்குங்க பங்கு கேக்கறீங்க?"

"பங்கெல்லாங் கேக்கல. இருக்குது, அவ்வளவுதான்."

அடுத்த சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே எல்லோரும் நீளமேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டாக்டர், இனிமேல் ஒருவருக்குத் தெரிந்தது ஒன்பது பேருக்கும் தெரிய வேண்டும், கேஸ் யார் பெயரில் ஏறினாலும் மேலே நான் பேசிக்கொள்கிறேன் என்றார். அவர் பேச்சை மேலே யார் கேட்கப்போகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அப்போது சின்னண்ணன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். இரண்டு பெயர்கள். அவருக்கு மட்டுமே தெரிந்த இரண்டு கர்ப்பிணிகள். அவர் யாருக்கும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தவர்கள்.

முத்தாயம்மாள் அதை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி விரித்தாள். பிறகு மருந்து கட்டுகிறவர் எழுந்து போய் மாத்திரை டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவந்தார். பெருக்குகிற பழனியம்மாள், "எனக்கு எழுதத் தெரியாதுங்க, மனசுல ஒரு பேரு இருக்குது, சொல்லட்டுங்களா?" என்றாள். மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்து மொத்தம் ஏழு பெயர். ஏழையும் முத்தாயம்மாளே ரிஜிஸ்டரில் எழுதினாள். எழுத எழுதக் கண்ணீர் சொட்டி மசி கலங்கியது.

அந்த ஏழு பேரில் மேலக்காட்டில் ஒருத்திக்கு முகம் வீங்கியிருந்தது. சின்னண்ணன் ஓடிவந்து சொன்னார், முத்தாயம்மாள் போய்ப் பார்த்தாள், அரை மணியில் ஜீப் வந்தது, டாக்டர் கூடவே ஈரோட்டுக்குப் போனார். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஒன்பது பேரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். சின்னண்ணன் சுவரில் வெறும் தேதியோடு நிறுத்துவதை விட்டார். பார்த்ததையும் இரண்டு வார்த்தையில் எழுதினார், அடுத்துப் போகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் கதவைத் தட்டினார். இவ்வளவு சுலபமான காரியத்துக்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்ததா என்று நினைத்து முத்தாயம்மாள் டீயைக் குடிக்க முடியாமல் கீழே வைத்தாள்.

சித்திரைக் கடைசியில் உத்தரவு வந்தது. கெங்கவல்லிதான். டாக்டர் இரண்டு முறை சேலத்துக்குப் போய்ப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. சின்னுசாமியின் பழைய கூட்டாளி ஒருவர் லாரி தருவதாகச் சொன்னார். சின்னுசாமியைக் கட்டிலோடு தூக்கி ஏற்றிவிட மற்ற எட்டுப் பேரும் விடியற்காலையிலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை முத்தாயம்மாள் வேலங்காட்டுக்குப் போனாள். போகும் வழியில் வீட்டுக்கு வீடு சுவரைப் பார்த்துக்கொண்டே போனாள். 'கிழவருக்கு இருமல், சளி பார்க்கணும்.' 'மருமகள் ஆறு மாசம், கால் சரி.' 'குழந்தைக்கு ஊசி பாக்கி.' ஆத்தாயி வீட்டுச் சுவரில் மட்டும் தேதிகள் தவிர வேறொன்றும் இல்லை. மாசி மாதத்துத் தேதி அப்படியே இருந்தது. யாரும் அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

ஆத்தாயி தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பெண்கள் இரண்டும் காலித் தார்க்குச்சிகளை அடுக்கி விளையாடின. செல்லமுத்து பள்ளிபாளையத்திலேயே தங்கிவிடுகிறான், வாரத்துக்கு ஒருநாள்தான் வருகிறான் என்று ஆத்தாயி சொன்னாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். முத்தாயம்மாள் வாங்கிக் குடித்தாள். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தாள், சொன்னது வேறு.

"நாளைக்குக் கெங்கவல்லி போறேனுங்க ஆத்தா."

"ஊட்டுக்காரரையும் கூட்டிட்டுத்தானுங்களே? பாத்து, பதனமா ஏத்துங்க."

"செரிங்க."

ஆத்தாயி ராட்டைப் பிடியை நிறுத்தினாள். ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்கிறவள் போல வாசலைப் பார்த்தாள், பிறகு உள்ளறையைப் பார்த்தாள்.

"நர்சம்மா, அந்தச் சாரு இப்பவும் பதினஞ்சு நாளைக்கொருக்கா வந்து கேக்கறாருங்க. ஊட்டுல ஆருக்காச்சும் ஒடம்புக்கு முடியலையான்னு. நாந்தான் பதிலே சொல்றதில்லை. இனிச் சொல்லலாமுங்களா?"

"சொல்லுங்க ஆத்தா. ஆரு வந்து கேட்டாலுஞ் சொல்லுங்க."

"செரிங்க" என்றாள் ஆத்தாயி. "சொல்றதுக்குத்தான் ஊட்டுல அவ இல்ல."

அவள் மறுபடி ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள்.